எர்த்

கியர்த் தடியை ஸ்டார்ட் பக்கம் தள்ளினால்
இந்த பெர்குசன் உறும வேண்டும்.
செருமியது. ஒரே தரம்.
முன்விளக்கு இரண்டும் கண்ணை மூடித் திறந்தன,
காதில் விழுந்தது, முடியாது என்பதுபோல.

ஸ்காகாஃப்யோர்தூரில் ஜூலை.
இரவு மணி பதினொன்று,
வெயில் இன்னும் வேலியில் சாய்ந்து நிற்கிறது.
அறுத்த புல் மூன்று ஹெக்டேர் காய்ந்து கிடக்கிறது.
நாளை நண்பகலுக்குள் மழை என்கிறது வானொலி.

முதலில் பேட்டரியைச் சந்தேகித்தேன்.
வாயில்லாததைத்தானே
முதலில் பிடித்து உலுக்குகிறோம்.
பன்னிரண்டரை வோல்ட்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை,
முனைகளைச் சுரண்டி வாசலின் தூக்கிவிட்டேன்.

அடுத்தது வயரிங்.
இதை எனக்கு விற்ற ஹால்வர்தூர்
நார்வேயில் ஏதோ மீன்பண்ணையில் இருக்கிறான்.
டேஷ்போர்டுக்குப் பின்னால்
இன்னும் இங்கேயேதான் இருக்கிறான்:
ஒன்பது ஒயர், ஒன்பதும் சிவப்பு.
ஒன்றின் வாலில் மேஜை விளக்கின் பிளக்கை வெட்டிய தழும்பு.
இரண்டு இணைப்புகளில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

போன் போட்டேன்.
"இக்னிஷன் எது?"
"சிவப்பு" என்றான்.
"எல்லாமே சிவப்பு, ஹால்வர்தூர்."
அவன் பக்கம் தண்ணீர் பம்ப் ஓடும் சத்தம்.
"ஒரு ரோல்தான் இருந்தது" என்றான்.

பாதியில் விட்ட ஸ்வெட்டரைப் பிரித்து
கம்பளி நூலால் அடையாளம் கட்டினேன்.
இக்னிஷனுக்குப் பச்சை. டைனமோவுக்குப் பழுப்பு.
எங்கே போகிறதென்று தெரியாத ஒன்றுக்கு வெள்ளை.

சோதனை பல்பு எரிகிறதா?
இருட்டே இல்லாத ஊரில் எப்படித் தெரியும்!
போட்டிருந்த ஸ்வெட்டருக்குள் அதைச் செருகி
கழுத்து வழியே எட்டிப் பார்த்தேன்.
எரிந்தது. வயிற்றருகே ஒரு சின்ன மஞ்சள்.
ஒன்பது தரம் குனிந்தேன், ஒன்பது தரமும் மஞ்சள்.
அவலட்சணமான வேலை. ஆனால் பொய் சொல்லவில்லை.

ஸ்வான்லாக் இரவல் வாங்கிய வாளியைத் திருப்பித் தர வந்தாள்.
சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன்.
"தள்ளுன்னா தள்ளு."

மற்ற வண்டிகளில் நெகட்டிவை உடம்போடு கட்டுவார்கள்.
இது பழைய இங்கிலாந்து வண்டி,
இதற்குப் பாசிட்டிவ்தான் எர்த்.
மறக்காமலிருக்க பேட்டரி மூடியில்
சாக்பீஸால் எழுதியிருக்கிறேன்: சிவப்பு மண்ணுக்கு.

மீட்டரின் ஒரு முள் பாசிட்டிவ் முனையில்,
மற்றது எஞ்சின் இரும்பில்.
"தள்ளு."
சுழியம் காட்ட வேண்டிய இடத்தில்
ஏழு.
ஒரு சாண் பின்னல் பட்டையைத் தாண்டுவதற்குள்
ஏழு வோல்ட் காணாமல் போகிறது.
போல்ட்டைத் தொட்டேன், சுட்டது.

கழற்றும்போது துருவை எதிர்பார்த்தேன்.
துரு இல்லை.
வழுவழுவென்று சாம்பல் நிறம்.
போன செப்டம்பரில் நான் அடித்த பெயிண்ட்.
மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாளில்
ஊரே வந்து பார்க்குமே என்று
மூன்று கோட்டிங்.
பிரஷ் எட்டாத இடத்தில் விரலால் தடவினேன்.
பட்டைக்கு அடியில் அடித்தேன்,
காய்ந்ததும் அதன் மேலேயே முறுக்கினேன்.
அன்றிலிருந்து
போல்ட்டின் மரை வழியாக மட்டும்
கசிந்து கசிந்து ஓடியிருக்கிறது இந்த வண்டி.

ஹால்வர்தூரைப் பாதி ராத்திரி திட்டியிருந்தேன்.

உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன்,
ஒரு நாணய அகலத்துக்கு வெறும் இரும்பு தெரியும்வரை.
"அசிங்கமா இருக்கும்" என்றாள் ஸ்வான்லாக்.
"இருக்கட்டும்."

தள்ளினாள்.
கொட்டகைக் கூரையில் தூங்கிய பறவைகள் எழுந்து போயின.
புகைக்குள்ளிருந்து ஏதோ கத்தினாள்,
கேட்கவில்லை, தலையை ஆட்டினேன்.

புல் வாரியைப் பூட்டும்போதுதான் பார்த்தேன்:
இடது விளக்கு எரியவில்லை.
வெள்ளை நூல் கட்டிய ஒயராக இருக்கலாம்.
ஆகஸ்ட் கடைசிவரை
அது தேவைப்படாது.